ஒரே மூச்சில் 15,344 கிலோமீட்டர்

சிங்கப்பூரில் ஏறி அமெரிக்காவின் நியூவார்க்கில் இறங்கினேன். நடுவில் எங்கேயும் தரை தொடவில்லை. 15,344 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 22. வந்து இத்தனை நாளாகியும் வாய் ஓயவில்லை. கழுகுமலையில் என் உரக்கடைக்கு வந்து யூரியா இருக்கா என்று கேட்கிறவரிடம், பசிபிக் கடல் மேலே காற்று எவ்வளவு வேகத்தில் அடிக்கும் தெரியுமா என்று ஆரம்பித்துவிடுகிறேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

விமானப் பைத்தியம் எனக்குப் புதிதல்ல. ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால் மேலே மினுக்கிக்கொண்டு போகிற ஒவ்வொன்றும் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று ஃபிளைட்ரேடாரில் பார்க்காமல் தூக்கம் வராது. கொழும்புக்குப் போவது, திருவனந்தபுரத்துக்கு இறங்குவது, வளைகுடாவிலிருந்து வருவது என்று எங்கள் கரிசல் காட்டுக்கு மேலே எந்நேரமும் போக்குவரத்துதான். கீழே கோவில்பட்டி ரோட்டில் லாரி கூடப் போயிருக்காது, மேலே ரெண்டு மூணு போயிருக்கும்.

ஊர் அப்படி. பெயரிலேயே பறவை. சடாயுவின் அண்ணன் சம்பாதி வந்து முருகனைக் கும்பிட்ட மலை என்பது தலபுராணம். தம்பியும் அண்ணனும் சூரியன்வரை பறந்து பார்க்கலாம் என்று கிளம்பி, தம்பிக்கு வெயில் படாமல் மறைத்ததில் அண்ணனுக்குச் சிறகு கருகிப்போனது. பிற்பாடு இறக்கையில்லாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, நூறு யோசனை தூரக் கடலுக்கு அப்பால் இலங்கையில் சீதை இருப்பதைக் கண்டு வானரங்களுக்குச் சொன்னதும் அவர்தான். பறக்கிற உயரம், பார்க்கிற தூரம் இரண்டையும் கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கதை ஒருபக்கம் இருக்கட்டும், நிஜமும் சளைத்ததல்ல. 1973-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக்கு மேலே, 37,000 அடியில் பறந்த ஒரு விமானத்தில் ஒரு பறவை மோதியது. கிடைத்த சிறகுகளை வைத்து என்ன பறவை என்று கண்டுபிடித்தார்கள்: ரூப்பெல் கழுகு. உலகத்திலேயே அதிக உயரத்தில் பறந்ததாகப் பதிவான பறவை அதுதான். எங்கள் சம்பாதி வகையறா! நியூவார்க் போகும்போது முன்சீட்டுத் திரையில் உயரம் 37,000 என்று வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கழுகுதான்.

மகளும் மாப்பிள்ளையும் நியூஜெர்சியில். பங்குனி உத்திரத் தேர் முடிந்த கையோடு எங்களை வரச்சொன்னார்கள். "மாமா, தோஹா வழியா போடுறேன், இல்லைன்னா துபாய். விலையும் குறைவு, தூரமும் குறைவு" என்றார் மாப்பிள்ளை. நான் சிங்கப்பூர் வழியாகத்தான் வருவேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அமெரிக்கா மேற்கே இருக்கிறது, இவர் கிழக்கே போகிறேன் என்கிறாரே என்று யோசித்திருப்பார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். கழுகுமலையிலிருந்து நியூயார்க் பக்கத்துக்கு நேர்க்கோட்டில் பறந்தால் ஏறத்தாழ 13,750 கிலோமீட்டர்தான் வரும். திருச்சி, சிங்கப்பூர், நியூவார்க் என்று போனால் வானத்தில் மட்டும் 18,300-க்கு மேல். கூடுதல் தூரம் 4,500 கிலோமீட்டர். ஆனால் உலகத்தின் மிக நீளமான விமானப் பயணம் சிங்கப்பூரில்தானே புறப்படுகிறது? "வித்தியாசத் தொகையை நான் தாரேன் மாப்பிள்ளை" என்றதும் பேச்சு முடிந்தது. வீட்டம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பணத்துக்குக் காட்டில் போர் போடலாம் என்றிருப்பாள்.

மிக நீளமானது என்று சொன்னதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. நிலையத்துக்குப் போகிற எஸ்க்யூ 24 இதைவிட 5 கிலோமீட்டர் அதிகம்: 15,349. முதலிடம் அதற்குத்தான். மகள் வீடு நியூவார்க் பக்கம் என்பதால் அந்த 5 கிலோமீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

திருச்சிக்குக் காரில் போனோம். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், மதுரை, மேலூர் என்று ஐந்து மணி நேரம். திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானம். சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. நம் பக்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் இதே சிங்கப்பூருக்கு ‘ரஜூலா’ கப்பலில் போனார்கள். 1926-இல் கடலில் இறங்கிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுத் தொட்டுப் போய்ச் சேர ஒரு வாரம்போல ஆகும். மேல்தளத்தில் பாயை விரித்தால் அதுதான் இடம். 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அந்த ஒரு வாரம் இப்போது ஒரு சினிமாவும் கொஞ்சம் தூக்கமுமாகச் சுருங்கிவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் பகல் முழுக்க இருந்தோம். மூன்றாம் முனையத்துக்குள் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம் வைத்திருக்கிறார்கள். வீட்டம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணாடிச் சுவரோரம் நின்று எங்கள் விமானம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனிலேயே நியூவார்க்குக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கிவிட்டது. அப்போது ஓட்டியது நாலு என்ஜின் வைத்த ஏர்பஸ் ஏ340-500. அது எரிபொருளை மொண்டு மொண்டு குடிக்கிற விமானம். எண்ணெய் விலை ஏற ஏற, சாதா இருக்கைகளைத் தூக்கிவிட்டு வெறும் 100 பிசினஸ் இருக்கைகளோடு ஓட்டிப் பார்த்தார்கள். அப்படியும் கட்டவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அஞ்சு வருஷம் ஆளில்லாத பாதை. பிறகு 2018 அக்டோபர் 11-இல் இரண்டே என்ஜினோடு ஏ350-900 யூஎல்ஆர் வந்தது. யூஎல்ஆர் என்றால் மிக மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்தது என்று அர்த்தம். உலகத்தில் மொத்தமே ஏழுதான் இருக்கின்றன. ஏழும் இவர்களிடம்தான்.

அந்த ஏழில் ஒன்று, வாயிலுக்கு முன்னால் வந்து நின்றபோது என் முகத்தைப் பார்த்து வீட்டம்மா சிரித்தாள். சிரிக்கட்டும். நீங்களே கேளுங்கள். அதன் வயிற்றில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். நம் ரோட்டில் ஓடுகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் பதினாலு வந்து வரிசையில் நின்றால்தான் நிரப்ப முடியும். தரையை விட்டுக் கிளம்பும்போது அதிகபட்சம் 280 டன் கனக்கலாம். அதில் கிட்டத்தட்ட பாதி எரிபொருளே! இவ்வளவு கனத்தைத் தூக்க வேண்டும் என்பதால் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். சாதாரண ஏ350-இல் முந்நூறு பேருக்கு மேல்கூட உட்காரலாம். இதில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, ஆக 161 பேர். எகானமி வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையையும் மூடிவைத்திருக்கிறார்கள். விமானிகள் நாலு பேர், ரெண்டு ரெண்டு பேராக மாறி மாறித் தூங்குவார்கள்.

இன்னொரு சூட்சுமம். கிளம்பும்போது இருக்கிற கனத்தோடு நேராக 40,000 அடிக்கு ஏற முடியாது. முப்பதாயிரத்துச் சொச்சத்தில் ஓடி, எரிபொருள் கரையக் கரையக் கொஞ்சம் ஏறி, மறுபடி கொஞ்சம் ஏறி, கடைசி மணிகளில்தான் உச்சிக்குப் போகிறது. திரையில் அந்த எண் படிப்படியாக ஏறுவதைத் தூங்காமல் பார்த்த ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

இனி வழி. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரமும் துடித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால், பேரனுக்கென்று வாங்கிவைத்திருந்த பிளாஸ்டிக் பூமி உருண்டையை எடுத்து ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நுனி சிங்கப்பூரில், மறு நுனி நியூவார்க்கில். நூலை இறுக்கி இழுத்தால் அது பசிபிக் பக்கமும் போகவில்லை, ஐரோப்பா பக்கமும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, உருண்டையின் உச்சியில் இருக்கிற ஆணியில் போய் இடித்தது. வடதுருவம்! ஏன் என்று அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்தால் புரிகிறது. சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூவார்க் மேற்கே 74. கூட்டினால் 178. இன்னும் ரெண்டே டிகிரி இருந்தால் இரண்டு ஊரும் பூமியின் நேரெதிர்க் கோடுகளில் இருந்திருக்கும். அப்படியென்றால் குறுக்குவழி துருவத்தை உரசிக்கொண்டுதான் போக முடியும். தூரத்தைக் கூட விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் டிகிரி சொச்சம், நியூவார்க் நாற்பதே முக்கால். மொத்தம் 42. அரைவட்டம் 180-இல் 42 போனால் 138. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் சொச்சம் என்று பெருக்கிப் பாருங்கள். 15,340 பக்கம் வந்து நிற்கும். கடை பில்புக்கின் பின்பக்கத்தில் இந்தக் கணக்குச் சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, நல்ல விலைக்கு உளுந்து விற்ற சம்சாரிதான் புரிந்துகொள்வார்.

பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். எந்த ரெண்டு ஊரை எடுத்துக்கொண்டாலும் தரைமேல் 20,000-க்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே இருக்கையில் உட்கார்ந்து தாண்டுகிறோம்.

ஆனால் விமானம் நூல் போன வழியில் போகவில்லை! இதுதான் வேடிக்கை. துருவ வழி குறைந்த தூரம். ஆனால் குறைந்த நேரம் அல்ல. வடபாதியின் நடுப்பகுதியில், விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். மணிக்கு 200 கிலோமீட்டர், குளிர்காலத்தில் இன்னும் கூட. ஜப்பானுக்கு மேலே அது சும்மா பிய்த்துக்கொண்டு போகும். அதில் ஏறிக்கொண்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் சீக்கிரம் போய்விடலாம். எங்கள் விமானம் பிலிப்பைன்ஸ் பக்கமாக ஏறி, ஜப்பானைத் தொட்டு, வட பசிபிக்கைத் தாண்டி, கனடா வழியாக இறங்கியது. ஏ350 தன் சொந்த பலத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். ஜப்பான் தாண்டியதும் திரையில் தரைவேகம் 1,000 ஆயிற்று, 1,060 ஆயிற்று, ஒரு கட்டத்தில் 1,140-ஐத் தொட்டது. வெளியே வெப்பநிலை மைனஸ் 58. என் முன்னால் மடக்கு மேசையில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் அலைகூட இல்லை. கூடுதலாகக் கிடைத்த அந்த இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லை. ஆடிக்காற்றில் சைக்கிள் மிதித்த எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இருக்கை பற்றி ஒரு ரகசியம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பிரீமியம் எகானமியில் வரிசைக்கு ரெண்டு, நாலு, ரெண்டு என்று இருக்கைகள். வால் பக்கம் உடம்பு குறுகுவதால் கடைசி மூன்று வரிசைகளில் மட்டும் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை. பக்கத்தில் ஆள் கிடையாது, ஓரத்தில் பை வைக்க இடமும் உண்டு. எனக்கு ஒன்று, எனக்கு முன்னால் வீட்டம்மாவுக்கு ஒன்று. அவள் போர்வையைப் போர்த்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ்ஸில் தூங்குவது மாதிரி நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். நடுவில் ஒரு தடவை விழித்து, "இன்னும் வரலையா?" என்றாள். ஆறாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறோம், இன்னும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். "இம்புட்டு நேரம் குனிஞ்சிருந்தா ஒரு குறுக்கம் களையெடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள்.

பணிப்பெண்களில் ஒருத்தி சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளை. நான் திரையை விட்டுக் கண்ணெடுக்காததைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க தூங்கவே இல்லையே, ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்றாள். பையிலிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் பிரித்து ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கரிசல் கடலை, வெல்லப்பாகு, மேலே தேங்காய்த் துருவல் தூவியது. விமானத்துக்குள் காற்று வறண்டிருப்பதால் நாக்குக்கு எல்லாம் சப்பென்று இருக்கும் என்பார்கள். கடலைமிட்டாய்க்கு அந்த விதி பொருந்தாது. டமக்கென்று உடைகிற சத்தத்துக்குப் பக்கத்து வரிசை வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒரு துண்டு போயிற்று. உள்ளே கொடுத்த சாப்பாட்டையும் குறை சொல்ல முடியாது. இந்திய சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம், பருப்பும் பனீரும் சோறும் வந்தன. ரசம் இல்லை. ரசம் இருந்திருந்தால் இறங்கியே இருக்க மாட்டேன்.

இனி, நேரம். நாங்கள் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். ஜப்பானுக்குத் தெற்கே கடல் மேலே இருக்கும்போது திங்கட்கிழமை விடிந்தது. ஜன்னலை லேசாகத் திறந்தால் மேகத்தின் விளிம்பில் சிவப்புக் கோடு. நாங்கள் கிழக்கே ஓடுகிறோம், சூரியன் மேற்கே ஓடுகிறது. எதிரும் புதிருமாகப் போவதால் பகல் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறது. ஆறேழு மணி நேரத்தில் அலாஸ்கா பக்கத்துக் கடலில் சூரியன் அஸ்தமனம். இதற்கிடையில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டிவிட்டதால் அந்த அஸ்தமனம் ஞாயிற்றுக்கிழமை அஸ்தமனம்! திங்கள் காலை முடிந்து ஞாயிறு சாயங்காலம் வருகிறது. கனடா முழுக்க இருட்டு. நியூவார்க்கில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை, குடியேற்ற வரிசையில் நிற்கும்போதுதான் வெளுத்தது. மறுபடி திங்கட்கிழமை. ஒரே திங்கட்கிழமை எங்களுக்கு ரெண்டு தடவை விடிந்தது.

அதைவிட ஒரு குறும்பு. மார்ச் மாதம் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த பிறகு, சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். என் கையில் இருப்பது முள் வைத்த பழைய எச்எம்டி. சிங்கப்பூரில் திருப்பி வைத்ததை நியூவார்க்கில் தொடவேயில்லை. உலகத்தின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம், கடிகாரம் அதே மணியைச் சரியாகக் காட்டுகிறது! மாப்பிள்ளை கார் ஓட்டிக்கொண்டே வர, நான் கையை நீட்டி நீட்டிக் காண்பித்தேன். "மாமா, முதல்ல தூங்குங்க" என்றார்.

அலாஸ்கா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பிய ஒரு பட்டைவால் மூக்கன் குஞ்சு, பிறந்து சில மாதமே ஆன பறவை, எங்கேயும் இறங்காமல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவரை பறந்து போனது. 13,560 கிலோமீட்டர், பதினோரு நாள். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது. அதன் முதுகில் ஒட்டிய சின்னக் கருவி செயற்கைக்கோளுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. கிளம்புவதற்கு முன்னால் அது தின்று தின்று உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும், கனத்தில் பாதிக்குப் பக்கம் கொழுப்பாகவே இருக்கும். எங்கள் விமானத்தின் பாதிக் கனம் எரிபொருள் என்றேனே, அதே கணக்கு! டூலூஸில் உட்கார்ந்து ஏர்பஸ் பொறியாளர்கள் போட்ட கணக்கை ஒரு கொசுறுப் பறவை எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறது.

இடையில் இறங்கிப் போனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கிறவர்கள் உண்டு. கால் நீட்டலாம், காப்பி குடிக்கலாம், செலவும் குறைவு. உண்மைதான். இவ்வளவு நீளமான பயணத்தில் எரிபொருளில் ஒரு நல்ல பங்கு மீதி எரிபொருளைச் சுமக்கவே செலவாகிறது, இடையில் நிரப்பிக்கொண்டு போவதே சிக்கனம் என்பதையும் மறைக்க மாட்டேன். எல்லோரும் எல்லா நாளும் போக வேண்டிய பயணம் இல்லை இது. ஆனாலும் எங்கள் ஊர் வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களிடம் நான் வாதாட வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்தார்கள். விமானம் முதலில், அடித்தளம் கடைசியில். அடித்தளம் இன்றுவரை முடியவில்லை. பத்துக் கல்லை அடுக்கி இதே உயரத்துக்குக் கோயில் கட்டியிருக்கலாம், வேலையும் சுலபம். ஆனால் ஒரே பாறை என்று தெரிந்துகொண்டு அதன் முன்னால் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று ஏறுகிறதே, அதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்தது. தோஹாவில் மூணு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அது ரெண்டு பயணம். இது ஒட்டுப்போடாத ஒரே தூரம். பூமி எவ்வளவு பெரிசு என்று புத்தகத்தில் படித்ததை முதுகும் முழங்காலும் படித்துக்கொண்டன.

திரும்பி வந்தது இன்னும் அழகு. வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பினால் அதே ஜெட் காற்று எதிரே அடிக்கும். அதனால் விமானம் நியூவார்க்கில் கிளம்பி மறுபடியும் கிழக்கே பார்த்துப் பறந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவின் மேல் ஏறி, காஸ்பியன் கடல் பக்கம் வந்து, வட இந்தியாவைக் கடந்து வங்காள விரிகுடாவில் இறங்கியது. வீட்டம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம நாட்டுக்கு மேலேயே போயி, சிங்கப்பூர்ல இறங்கி, திரும்பவும் நம்ம நாட்டுக்கே வாறோமா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. திரும்பவே திரும்பாமல் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோம்! மாம்பழத்துக்காக மயிலேறி உலகைச் சுற்றப் போன முருகனின் ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும். பிள்ளையார் குறுக்குவழியில் ஜெயித்தார் என்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஊரெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர் முருகன்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. வந்த மறுநாளே மலைக்குப் போய்க் கழுகாசலமூர்த்திக்கு ஒரு அர்ச்சனை போட்டேன். குருக்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டார். வேண்டுதல் இல்லை சாமி, கணக்கு ஒப்பிக்க வந்தேன் என்றேன்.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கும் நல்ல காலம். தூத்துக்குடி வாகைகுளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். இதுவரை ஏடிஆர் என்கிற குட்டி விமானம்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த நீளத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே கற்பனை. கழுகுமலையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். என்றைக்காவது அங்கேயிருந்து நேரே சிங்கப்பூருக்கு ஒரு விமானம் விட்டால், முதல் நாள் முதல் டிக்கெட் என்னுடையது.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. சாக்ஸ் இறுக்கமாகப் போடாதீர்கள், கால் வீங்கும். மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். கடைசி மூன்று வரிசையின் ஒற்றை இருக்கைக்குப் பணம் கூடக் கேட்டால் யோசிக்காமல் கட்டுங்கள். சினிமா பார்க்காதீர்கள், அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ், சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் பறக்க ஏ350-1000 யூஎல்ஆர் விமானங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறது. ‘புராஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரே பயணத்தில் ரெண்டு சூரிய உதயம் பார்த்த குவாண்டாஸ் விமானங்களின் நினைவாக அந்தப் பெயர். சுமார் 17,000 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்கு மேல், 238 பேர். எழுந்து நின்று கைகால் நீட்டுவதற்கென்றே உள்ளே ஓர் இடம் விடுகிறார்களாம். 2027-இல் தொடங்கும் என்கிறார்கள். இந்தச் செய்தியை மகளிடம் சொன்னேன்.

"அப்பா, சிட்னியில நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லை."

"லண்டன்ல?"

"அங்கேயும் யாரும் இல்லை. அதான் வசதி. இறங்கின உடனே அடுத்த விமானத்துல திரும்பிரலாம்."